கோணல் கழுத்து மயில்

வாலாஜாபாத் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒருவர் மாவுக்கட்டு போட்ட காலை நடைவழியில் நீட்டியிருந்தார். காஞ்சிபுரம் தாண்டியதும் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“ஒரு புடவையாலதான்மா இந்தக் கால் உடைஞ்சுது. அதை வக்கீல்கிட்ட எப்படிச் சொல்றது?”

“புடவையாலயா?”

“மச்சான் கார் ஓட்டிக்கினு வந்தாரு, நான் பக்கத்துல. முன்னால ஸ்கூட்டர்ல ஒரு அம்மா பட்டுப் புடவையில போறாங்க. ‘பார்டர்ல மயிலுக்குக் கழுத்து கோணிக்கினு இருக்குது பாரு, விசைத்தறி சரக்கு’ன்னேன். அவரும் நெசவுக்காரரு, பாக்காம இருப்பாரா? பாத்தாரு. வண்டி புளியமரத்துல போய் நின்னுது.”

“நஷ்டஈடு கிடைக்கும்ல?”

“இன்சூரன்ஸ்ல குடுப்பாங்களாம். தறிக்குழியில காலை எறக்கி நெய்ய முடியல, கேட்டுத்தான் ஆகணும். ஆனா மச்சான் ரோட்டைப் பாக்கலன்னு நான் சொல்லணும். பாருன்னு சொன்னதே நான்தானே!”

“அவரு என்ன சொல்றாரு?”

“‘தப்பு என்னுதுன்னே சொல்லிடு. ஸ்கூட்டர் அம்மாவைப் பாத்தேன்னு மட்டும் சொல்லாத, உன் தங்கச்சி என்னை விடமாட்டா’ன்றாரு.”

“அந்த அம்மா நிக்காம போயிட்டாங்களா?”

“அவங்கதான் ஓடியாந்து என்னைத் தூக்கினாங்க. அப்பதான் பார்டரைக் கிட்ட பாத்தேன். அந்தக் கோணல் கழுத்து எங்க வீட்டுத் தறியில மட்டும்தான் வரும். நான் நெய்ஞ்ச புடவைம்மா அது.”

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சிரிம்மா, சிரி. காலுக்குக் கட்டு போட்டுட்டாங்க. இந்த வாய்க்கு யாரு போடறது?”