சுயம்புராஜின் குள்ளத் தக்காளி

– சிரிக்காத ஏட்டி சபிதா. நாத்து வாங்க வந்த ஜெபதாஸ் அண்ணாச்சி ஒண்ணுகூட எடுக்காமலே வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாரு. 'வேய், இது தக்காளி நாத்தா, தரையில படருத பாசியா'ன்னு கேக்காரு.

– பின்ன சிரிக்காம? காலையில எழும்புனா பல்லுகூடத் தேய்க்காம ஓடிப்போயி நாத்துக்குத் தலை கோதி விடுதிய. தெருவே வேலிக்கு மேல எட்டிப் பாத்துச் சிரிக்கு. 'சுயம்புராஜுக்குக் கத்தாரு வெயிலு மண்டைக்கு ஏறிட்டு'ன்னு நேசபாய் அக்கா சொல்லியாச்சு.

– சவத்த விடு. அது சயன்ஸாக்கும். தலையத் தடவுனா, காத்து அடிக்குன்னு நாத்து நெனைக்கும். உடனே உள்ளுக்குள்ள எத்திலீன்னு ஒரு வாயு உண்டாக்கும்.

– வாயுவா? உங்க அம்மைக்கு உள்ளது போலயா?

– ஏட்டி! இது வாழைக்காயப் பழுக்க வைக்குத வாயு. நாத்துல வந்தா உயரத்தக் கொறச்சுத் தண்டத் தடியாக்கும். இந்த ஆரல்வாய்மொழிக் காத்துல நெட்டையா எது நிக்கும்? கரண்டு எடுக்குத காத்தாடி மட்டும்தான் நிக்கும்.

– உங்க நாத்தும் நிக்கு. முட்டங்கால் போட்டுல்லா நிக்கு!

– அதாக்கும் எனக்குப் பிடி கிட்டல. ஒரு நாளைக்கு ஒரு வாட்டி தடவுனாப் போதும். மிஞ்சுனா வளராம முரடிச்சுப் போவும். நான் ஒரு வாட்டிக்கு மேல தொட்டதே இல்ல. பின்ன எப்பிடி?

– எனக்கு என்ன தெரியும்? சாயா ஆறுது, குடியுங்க.

– சாயாவா இப்ப கொறச்சல்? நாத்து வித்துப் போச்சுன்னா ஊர்லயே கெடக்கலாம்னு இருந்தேன். கத்தாருல எங்கூட வேல பாத்த சுதனுக்கு போன் போடப் போறேன். விசா இருக்கான்னு கேக்கணும்.

– அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அடுத்த வாட்டி நல்லா வரும்.

– உனக்கு எப்பிடித் தெரியும்? ஏட்டி, நில்லு. கையக் காட்டு. விரலெல்லாம் என்ன பச்சைக் கறை?

– கீரை அரிஞ்சேன்.

– கீரையா? மணம் மூக்கத் தொளைக்கு. தக்காளி எலையில்லா இது! நீயும் தடவுனியா?

– தெனமும் நீங்க நாகர்கோவிலுக்குப் போவுத நேரத்துல... மத்தியானம் ஒரு வாட்டி. சாயங்காலம் ரெண்டு வாட்டி.

– அடிப்பாவி, குட்டிச்சுவராக்கிட்டியே! ஊரக் கூட்டிச் சேத்து என்னக் கிண்டல் பண்ணிட்டு, கையில இந்த வேலையா?

– நாத்து நல்லா வந்தா நீங்க போவாண்டாம்லா. கத்தாருல போயி இருந்துட்டா, நான் பின்ன யாரக் கிண்டல் பண்ணுதது?