குள்ளச் செர்ரிக்கு வராத குருவி

நிப்றாஸ்: அசையாதீங்க மச்சான். காகம் ஒண்டு ஒங்களத்தான் பாக்குது.

பர்ஹான்: கொஞ்சம் வாய மூடிட்டு இரி நிப்றாஸ். குருவி வாற நேரம்.

நிப்றாஸ்: ஓம், வரும். செடிக்குப் பக்கத்துல கதிரையப் போட்டு, போனையும் நீட்டிட்டு ஒராள் முழிச்சிப் பாத்தா எந்தக் குருவி திங்கும்? நானெண்டாலும் வெக்கப்படுவன்.

பர்ஹான்: நாளைக்கு நிலத்துல பதிக்கிற இன்டர்லொக் கல்லு வருது. ஒன்ட உம்மா சொன்னது மறந்திட்டா? குருவி திண்டா செடி இரிக்கட்டும், திங்காட்டி வாசல்லரிந்து கிணத்தடி வரைக்கும் கல்லு.

நிப்றாஸ்: ஞாயம்தானே. பறவைக்கெண்டு தோட்டம் வெச்சா பறவை வரோணும். இவ்வளவு ஆசையெண்டா பாலமுனையில ஒங்கட வாப்பாட வளவுல நட்டிருக்கலாமே.

பர்ஹான்: அந்த வீடு என்ட தங்கச்சிக்கு எழுதியாச்சி. இது ஒன்ட றாத்தா றிபாட வீடு. ரெண்டு வீட்டுலயும் எனக்கெண்டு இரிக்கிறது இந்த ஒரு செடிதான்... தெரியாத மாதிரிக் கதைக்கிறாய்.

நிப்றாஸ்: அதுக்குத்தான் குள்ளச் செர்ரியா? பொண்டாட்டி வீட்டு மாப்பிளைக்கு ஏத்த செடி. இடுப்புக்கு மேல வளராது. சத்தமும் போடாது.

பர்ஹான்: மதிலுக்கு மேல தலை தெரிஞ்சா வெட்டுவன் எண்டு மாமி சொன்னா... அக்கரைப்பற்றெல்லாம் அலைஞ்சி வாங்கின செர்ரிக் கண்டு. சின்னதாத்தான் நிக்கும், பழம் கொத்துக் கொத்தாக் காய்க்கும், கொண்டைக்குருவி கூட்டமா வரும் எண்டுதான் கடைக்காரன் சொன்ன.

நிப்றாஸ்: வந்திச்சே. பேஸ்புக்குல நீங்க போட்ட படத்துல பாத்தன். குருவிக்குப் பின்னால பனி கொட்டிக் கிடந்திச்சி. கல்முனையில எந்தப் பக்கம் மச்சான் அது?

பர்ஹான்: அது... சும்மா ஒரு விளக்கத்துக்குப் போட்ட.

நிப்றாஸ்: விளங்கிச்சி. சரி, குருவியே வரல்ல. அப்ப பழமெல்லாம் எங்க? முந்தநாள் செக்கச் செவேலெண்டு நிண்ட செடி, இப்ப மொட்டை.

பர்ஹான்: மெதுவாக் கதை... வாசல் பக்கத்துப் பழத்த நான்தான் புடுங்கின.

நிப்றாஸ்: நீங்க.

பர்ஹான்: மாமிக்குக் காட்டத்தான். குருவி திண்டு போச்சி எண்டு. சுபஹுத் தொழுதிட்டு வரக்குள்ள ஒண்டு ரெண்டு...

நிப்றாஸ்: குருவிட வேலயையும் நீங்களே பாக்குறீங்க. பறக்கிற மட்டும்தான் பாக்கி.

பர்ஹான்: சிரிக்காத. குசினிப் பக்கத்துல, அடுப்படி ஜன்னலுக்குக் கிட்ட, நான் கையே வைக்கல்ல. அந்தப் பக்கமும் ஒண்டுமில்ல. அப்ப மெய்யாவே ஏதோ வருதுதானே?

நிப்றாஸ்: கொட்டை எங்க கிடந்த?

பர்ஹான்: அதுதான் விளங்கல்ல... குசினிக் குப்பை வாளிக்குள்ள. டிஷூவுல சுத்தி.

நிப்றாஸ்: நல்ல வளப்பு. எங்கட ஊரு மனிசனே றோட்டுலதான் துப்புவான்.

பர்ஹான்: றிபாவா இரிக்குமோ?

நிப்றாஸ்: றாத்தாவா? உம்மாக்குச் சீனி வருத்தம் எண்டு வீட்டுக்குள்ள ஒரு வாழப்பழம் வர உடாத ஆளு, அவவா... ஆ.

பர்ஹான்: என்ன ஆ?

நிப்றாஸ்: ஒண்டுமில்ல. உம்மா வாறா. நீங்க கதைக்க வேணாம்.

மாமி: என்ன மருமகன், விருந்தாளிமாரு வந்தாங்களா?

பர்ஹான்: பாருங்க மாமி, ரெண்டு பக்கமும் திண்டிரிக்கி...

மாமி: திங்கிறத என்ட கண்ணால காணல்லியே. குசினி ஜன்னலால நாள் முழுக்கப் பாக்குறன், ஒரு குருவியும் இல்ல. கல்லுக்காரனுக்கு வரச் சொல்லியாச்சி.

நிப்றாஸ்: எப்பிடி உம்மா வரும்? நேத்துப் பின்னேரம் மச்சான் பழத்துக்கெல்லாம் பூச்சி மருந்து அடிச்சிரிக்காரு.

பர்ஹான்: நானா? டேய், நான் எப்ப...

நிப்றாஸ்: குசினிப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடவாம்.

மாமி: குசினிப் பக்கத்துக்குமா?

நிப்றாஸ்: என்ன உம்மா, முகம் ஒரு மாதிரி?

மாமி: மருமகன்... நீங்க மருந்து அடிச்ச அஸர் தொழுகைக்கு முந்தியா, பொறவா?