மேல்மாடி அழைப்பு மணி

ஆள் புழங்கும் வீடுதான் சீக்கிரம் விலை போகும், சார். பூட்டிக் கிடக்கும் வீட்டை எவ்வளவு துடைத்து வைத்தாலும் வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற வாசனையும் நாற்காலியில் மடித்துப் போட்ட ஒரு துண்டும் இருந்தால் போதும், பார்க்க வந்தவர் மனசுக்குள் குடியேறிவிடுவார். ஆனால் அங்கே புழங்கும் ஆள் மட்டும் அவர் கண்ணில் படக் கூடாது. எங்கள் தொழிலின் சங்கடமே அதுதான்.

நான் வீட்டுத் தரகு செய்பவள். வாசலுக்கு வாசல் காவலாளி நிற்கும் தெருக்களில்தான் எனக்கு வேலை. அந்த வீடும் அப்படி ஒரு தெருவில், ஒட்டினாற்போல் நிற்கும் வரிசையில் கடைசி வீடு. கீழே கார் நிறுத்துமிடம், முதல் மாடியில் வரவேற்புக் கூடம், இரண்டாம் மாடியில் சமையலறை, உச்சியில் படுக்கையறை. நடுவில் ஒரு சின்ன லிஃப்ட், கதவைக் கையால் இழுத்துத் திறக்கிற பழைய மாதிரி. படிக்கட்டு முழுக்கத் தேக்கு. அதை விற்காவிட்டால் நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு அர்த்தமில்லை.

அதில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அவர் மனைவி பல வருஷம் மேல் அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்தவர். கட்டில் தலைமாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். பெரியவர் ஒரு டம்ளர் வெந்நீரோடு லிஃப்டில் மேலே போவார். அப்படித்தான் அவர்கள் குடும்பம் நடந்திருக்கிறது. மனைவி போன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னாள். அவரும் சம்மதித்துப் பெட்டி கட்டி வைத்திருந்தார்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. வீடு பார்க்க வருகிறவர்களிடம், "மேல் ரூம்லதாம்மா அவ போனா. கஷ்டப்படாமத்தான் போனா" என்று ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் படியிறங்கி ஓடின.

ஒரு நாள் மேல் அறையைத் தயார்செய்யும்போது, வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தப் பொத்தானை அழுத்தினேன். கீழே நாற்காலி நகர்ந்தது. "இதோ வந்துட்டேன்மா" என்று அவர் குரல். நான் பால்கனிக்கு ஒதுங்கிக்கொண்டேன். வெந்நீரோடு வந்தவர் யார் அடித்தது என்று தேடவே இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்து மகள் போனில் சொன்னதையெல்லாம் காலிக் கட்டிலிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் நைசாக இறங்கிப்போய், வந்தவர்களுக்கு நிம்மதியாக வீட்டைக் காட்டினேன். மேல் அறையைப் படத்தில் காட்டிச் சமாளித்தேன்.

அதன் பிறகு யார் வந்தாலும் முதலில் மேலே போய் மணியை அழுத்திவிடுவேன். அவருக்கும் நல்லதுதான் நடந்தது. தினமும் சவரம் செய்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டார். மகள்கூட என்னிடம், "அப்பா குரலே தெளிஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டாள்.

வீடு ஒரு டாக்டர் தம்பதிக்குப் பிடித்துப்போயிற்று. ஆள் காலி செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. போய்ச் சொன்னேன். பெரியவர் கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் எப்படிம்மா கிளம்புவேன்? அவ போனப்புறம் கூப்பிடவே இல்ல, அதான் போயிடலாம்னு இருந்தேன். இப்பக் கூப்பிடுறாளே. நான் போயிட்டா யாரு எழுந்து வருவா?"

ஆப்பசைத்த குரங்கு என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். மணி அடிப்பதை நிறுத்தினேன். நான்கு நாள் கேட்காவிட்டால் தானாகக் கிளம்புவார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு மத்தியானம் நான் அவரோடு சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. மேலே யாரும் இல்லை. அவர் எழுந்து தண்ணீரைச் சூடாக்கினார். ஒயரில் ஈரம் ஏறியிருக்கும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னான். நானும் அதைத்தான் நம்புகிறேன். பயந்தேன், சார். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அழுத்தியது நான்தான் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பல தடவை நாக்கு நுனி வரை வந்தது. மழித்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? ஒரு மனுஷனை இரண்டாவது தடவை மனைவியை இழக்கச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

லிஃப்ட் அப்போது முக்கிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கிறவர் வந்து அதை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். "ரெண்டாவது மாடிக் கதவுப் பூட்டைக் கழட்டியிருக்கேன் மேடம். இழுத்தா திறந்துக்கும், உள்ள வெறும் குழி. யாரையும் கிட்ட விடாதீங்க" என்றார். கதவின் குறுக்கே கயிறு கட்டிவிட்டு, சாமான் வாங்கக் கடைக்குப் போனார்.

திரைச்சீலைக்கு அளவெடுக்க டாக்டர் தம்பதி வருகிற நேரம். கயிறு கண்ணை உறுத்தியது. பெரியவர் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, படியேறி மேலே போனேன். லிஃப்ட் அங்கேதான் விளக்கெரிய நின்றது. பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த அறையில் மருந்து வாசனை அப்போதும் இருந்தது. வழக்கம்போல் அழுத்தினேன்.

நாற்காலி நகர்ந்தது. "இதோ வந்துட்டேன்மா." வெந்நீர் சிந்தாமல் இருக்க அவர் பார்வை எப்போதும் டம்ளரிலேயே இருக்கும். கதவை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு டம்ளர் வெகுநேரம் உருண்டது.

எல்லோரும் விபத்து என்றார்கள். பழுது பார்த்தவர் கயிறு கட்டியதாகச் சத்தியம் செய்தார், யாரும் நம்பவில்லை. மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாக்டர் தம்பதி குடியேறினார்கள்.

போன வாரம் டாக்டரின் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒயரைப் பிடுங்கிய பிறகும் மணி அடிக்கிறது என்றார். சமையலறையில் நின்று அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. என்னை அறியாமல், "இதோ வந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் கதவைப் பிடித்திருந்தேன். யாருக்கு பதில் சொல்றீங்க என்று அந்த அம்மாள் கேட்டார். அவர்தான் உங்களுக்குப் போன் செய்தது.

விபத்து இல்லை, சார். குழி என்று தெரிந்து, கயிற்றை அவிழ்த்து, அவர் வருவார் என்று தெரிந்துதான் அழுத்தினேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: கூப்பிட்டது அவர் மனைவி இல்லை என்று கடைசிவரை அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். பெற்ற மகள்கூட அவர் மனசை அவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.