பலகையில் தேவாவின் டோக்கன்

ரயிலில் கருவாடு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், சார். தேவா கேட்கவில்லை. அவன் அம்மா ஆதியம்மாள் நெத்திலியையும் வாளையையும் கவருக்குள் கவர் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார். விஜயவாடா தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள். "பாத்தியா அண்ணாத்த, கால நீட்டிக்க எவ்ளோ எடம்," என்றான். நல்ல பையன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஞானதாஸ். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் லாரி பிடித்துக் கொடுக்கிறவன். என் தொப்பையைப் பார்க்கிறீர்களே, குகைக்குள் நுழைகிற உடம்பா இது? ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டுப் பக்கம் பாறை ஏறுகிற கூட்டத்தில் நான் சிரிக்க வைக்கிற ஆள். அதற்காகத்தான் என்னைச் சேர்த்து வைத்திருந்தார்கள். தேவாவுக்கு நிஜமாகவே விஷயம் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பையன். மூச்சடக்கிக் கடலுக்கடியில் பாறை இடுக்குகளில் புகுந்து வருவான். மேகாலயாவில் ஒரு மலையூரில் குகைக்குள் போகிறவர்களின் மாநாடு என்று அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கூட ஒருவர் வரலாம் என்றதும் என்னை இழுத்துக்கொண்டான்.

மாநாடு என்றதும் மேடை, மாலை என்று நினைத்துவிடாதீர்கள். கூடாரமும் சேறும்தான். பகலில் குகை, சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வார்கள். குகை வாய் கிணறு மாதிரி. கயிற்றேணியில் இறங்க வேண்டும். மேலே ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். உள்ளே போகிறவர் தன் பெயர் எழுதிய தகர டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார். மழை வந்தால் குகைக்குள் ஓடை பெருகிவிடும். அதனால் பலகை காலியானதும் ஏணியை மேலே இழுத்துவிடுவார்கள். யாரும் தலையை எண்ண மாட்டார்கள், பலகையைத்தான் நம்புவார்கள். தேவா மறதிக்காரன். அவன் டோக்கனையும் நான்தான் எடுத்துக் கொடுப்பது வழக்கம்.

கடைசி நாள், படுத்து ஊர்ந்து போக வேண்டிய ஒரு சந்தில் நான் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அழுதேன். சின்ன அழுகை இல்லை, சார். பேண்ட் நனைந்துவிட்டது. தேவா எனக்கு எதிரே படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான். "மூச்ச வுடு அண்ணாத்த. வுட்டா வயிறு சின்னதாவும். எங்கம்மா மீன் கொழம்ப நெனச்சிக்க... வாணாம், அத நெனச்சா வயிறு இன்னும் பெருசாவும்." இப்படிப் பேசிப் பேசியே என்னை உருவி எடுத்தான்.

அதோடு விட்டிருக்கலாம்.

"இன்னிக்கி சாயங்காலம் இதாங் கதை," என்றான். "ஃபாரின்காரன்லாம் வுழுந்து வுழுந்து சிரிப்பான்."

"வேணாண்டா தேவா."

"இன்னா அண்ணாத்த, உன்ன நீயே தெனம் கலாய்ச்சிக்கினு கீற. நான் சொன்னா மட்டும் பேஜாரா?"

ஆமாம். என் தொப்பையை நான் கிண்டல் செய்தால் கல்லாவில் உட்கார்ந்திருப்பது நான். அடுத்தவன் செய்தால் நான் வெறும் சரக்கு. இதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? என் பை சந்திலேயே கிடந்தது. "நீ மேல போ, நான் எடுத்தாறேன்," என்று திரும்பவும் ஊர்ந்து போனான்.

மேலே வந்து என் டோக்கனை எடுத்தேன். தூறல் ஆரம்பித்திருந்தது. கீழே, தூரத்திலிருந்து அவன் குரல் வந்தது: "அண்ணாத்த, பை கெடச்சிடுச்சி." அதற்குப் பிறகுதான் அவன் டோக்கனையும் எடுத்தேன். பழக்கதோஷம் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம் இல்லை. குரலைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

மழை வலுத்தது. மாநாட்டை நடத்துகிற அம்மா குடையோடு வந்து, எல்லாரும் வந்தாச்சா என்று இங்கிலீஷில் கேட்டார். நான் காலிப் பலகையைக் காட்டினேன். பொய் சொல்லவில்லை, வாயையே திறக்கவில்லை. ஏணியை இழுக்க நானும் ஒரு கை கொடுத்தேன். அவருக்கு இடுப்பு வலி, பாவம்.

சாயங்காலம் தேவா எங்கே என்றார்கள். தலைவலி, படுத்திருக்கிறான் என்றேன். அவனுக்குப் பதில் நானே கதை சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நடித்துக் காட்டி. என் கதையில் சந்தில் மாட்டி அழுதவன் தேவா, உருவி எடுத்தவன் நான். அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னால் வாங்கியதே இல்லை.

மறுநாள் அவன் டோக்கனை அவன் படுக்கைமேல் போட்டுவிட்டு, ஆளைக் காணோம் என்று சொன்னேன். டோக்கன் இங்கே இருப்பதால் ஆள் குகையிலிருந்து வந்துவிட்டான் என்று முடிவு செய்தார்கள். பக்கத்தில் ஆறு, ஆற்றில் வெள்ளம். ஆற்றில்தான் தேடினார்கள். நானும் கரையோரம் நடந்து, தொண்டை கட்டும்வரை அவன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே கூப்பிட்டேன். அந்த அழுகை நடிப்பில்லை.

இப்போது நான் லிஃப்ட்டில் ஏறுவதில்லை. தண்ணீர் ஊற்றுவதற்குத் தொட்டி மூடியைத் திறந்தால் போதும், உள்ளேயிருந்து, "பை கெடச்சிடுச்சி." கோபக் குரலாக இருந்தால் எப்படியோ சமாளித்திருப்பேன். சந்தோஷமாகச் சொல்கிறான், சார்.

நான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக இல்லை. ஆதியம்மாள் வீட்டுக்குப் போனால் என்னைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். நெருப்போரம் நான் சொன்ன கதையை யாரோ வீடியோ எடுத்து, அது சுற்றிச் சுற்றிக் குப்பத்துக்கே வந்துவிட்டது. போன வாரம் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "எம்புள்ள அவ்ளோ பயந்துட்டானா நைனா? அந்த வெக்கத்துலதான் ஆத்துல போய் வுழுந்தானா?" குப்பத்தில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனசு கொஞ்சம் இளகின மனசு.

எழுதிக்கொள்ளுங்கள். தேவா ஆற்றில் விழவில்லை. அவன் உயிரோடு உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தேதான் டோக்கனை எடுத்தேன். தெரிந்தேதான் ஏணியை இழுத்தேன். கொன்றது நான். எங்கே கையெழுத்து போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும், சார். அந்தச் சந்தில் அழுதது தேவா என்றே இருக்கட்டும். அவன் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான்.