கதவின் இந்தப் பக்கம்

தீயணைக்கும் சிலிண்டருக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்று நினைத்தால், ஐயா, நீங்கள் கடை வைத்ததில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் சண்முகவடிவு ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, எங்க காம்பராவுல பாதிதான் அடுப்படி. பாதி வெலைக்குக் குடுங்களேன்" என்றாள்.

"தீ பாதியோட நிக்கிறேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு, தாறேன்" என்றேன்.

சிரித்துவிட்டு மணல் வாளி ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். விவரமானவள். லயத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பரா அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. ஒருத்தி அடுப்பை மறந்தால் வரிசையே தெருவில் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பொகவந்தலாவை பஸாரில் எங்கள் கடை வரிசையும் அப்படித்தான். கீழே கடை, மேலே குடும்பம், எல்லோர் தலைக்கும் ஒரே கூரை. என்னுடையது ஹார்ட்வெயார் கடை, பக்கத்தில் பக்கீருடைய துணிக்கடை. இரண்டு மாடிக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு. எங்கள் பெண்கள் பஸார் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வர அந்தக் காலத்து முதலாளிமார் வைத்தது. கறிச்சட்டி, கைக்குழந்தை, கல்யாணப் பேச்சு எல்லாம் அதன் வழியாகத்தான் போகும், வரும்.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் கருகிய பூட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எந்தச் சரக்கை எப்போது எடுத்துக் காட்டுவது என்பது கடைக்காரனுக்கு விட்டுவிட வேண்டிய விஷயம்.

என் மனைவி றுக்கையா போன வருடத் தீயில் மவுத்தானாள். எனக்கு மறுபக்கம் இருந்த சாப்பாட்டுக் கடை அடுப்படியில் பிடித்த தீ அது. என் மாடிப்படியைத்தான் முதலில் தின்றது. நான் சரக்கு எடுக்க ஹட்டனுக்குப் போயிருந்தேன். அவள் நடுக்கதவுக்கு ஓடியிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. அதன் அடியிலிருந்துதான் அவளை எடுத்தார்கள். பக்கீர் தன் பக்கத்தில், பெருநாள் வியாபாரத்துக்கு வந்த துணிக் கட்டுகளை அந்தக் கதவில் சாத்தி அடுக்கி வைத்திருந்தான்.

மையத்தை அடக்கிவிட்டு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கட்டெல்லாம் இழுத்துப் போட்டுட்டுத்தான் தள்ளினேன் நானா. தோளால இடிச்சேன். தொறக்கவே இல்ல. அல்லாஹ்ட எழுத்து, நாங்க என்ன செய்ய?"

நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். தோளில் பெரிய காயம் இருந்தது. மூட்டை தூக்குகிற தொழில், காயம் வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபத்தை முகத்தில் காட்டுகிறவனுக்கு எங்கள் தொழிலில் நல்ல விலை படியாது. நான் காட்டவில்லை. சிலிண்டர்கள் வரவழைத்தேன். பள்ளிவாசலில் பேசினேன், கோயில் மண்டபத்திலும் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். ஹட்டனிலிருந்து தண்ணீர் வண்டி இந்த வளைவுகளில் வந்து சேரும்போது சாம்பலுக்குத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஆகவே குடும்பத்தைக் காப்பாற்ற நினைப்பவன் தீ வருமுன்பே வழி பார்த்து வைக்க வேண்டும் என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. என்னால் இரண்டு லயங்கள் தப்பியிருக்கின்றன. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எரிந்துபோன நடுச்சுவரை என் செலவில் திரும்பக் கட்டினேன். புதுக் கதவுக்கு இரும்புத் தகடு அடித்தேன். பக்கீர் வந்து தட்டிப் பார்த்தான்.

"எங்கட பக்கத்துல தாழ்ப்பாள் இல்லையா நானா?"

"ஒன் பக்கம் வச்சா அவசரத்துல ஆராவது பூட்டிப்போடுவாங்க தம்பி. என் பக்கம்னா நான் ஈக்கிறேனே."

பழையதை நினைத்திருப்பான் போல. தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க ஈக்கிற வரைக்கும் எங்களுக்குப் பயமில்ல" என்றான்.

திருடர் பயத்துக்கு அவன் ஜன்னல்களுக்குக் கம்பி போட்டுக் கொடுத்ததும் நான்தான். பிறகு அவன் மனைவி ரிஸ்லாவுக்கும் மகள் அப்ராவுக்கும் பயிற்சி கொடுத்தேன். புகை படிக்கட்டில்தான் ஏறிவரும், ஆகவே படிக்குப் போகவே கூடாது. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, தவழ்ந்து, நேரே நடுக்கதவுக்கு வர வேண்டும். தட்ட வேண்டும். நான் திறப்பேன். அப்ராவுக்கு அது விளையாட்டு மாதிரி. தட்டிவிட்டு, "நாங்க வந்துட்டோம் மாமா" என்பாள். திறந்து டொபி கொடுப்பேன். பரீட்சை எழுதப் போகிற பிள்ளை, ஆனாலும் டொபிக்குக் கை நீட்டும். "மாமா, நெசமாவே தீப்பிடிச்சா டொபி ரெண்டு தரணும்" என்று ஒருநாள் பேரம் பேசினாள். வியாபாரி வீட்டுப் பிள்ளை அல்லவா. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எங்கள் ஆண்கள் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பக்கீர் போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். அவன் உள்ளே இருக்கும்போது செய்ய எனக்கு மனமில்லை. அவன் மையத்து எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது அவன் உயிரோடு, தெருவில் நிற்பது.

பின்வாசல் வழியாகப் போய், அவனுடைய படிக்கு அடியில் கிடந்த பொதி கட்டும் தாளில் நான்தான் நெருப்பு வைத்தேன். வைத்துவிட்டு என் மாடிக்கு வந்து, நடுக்கதவுக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

இருவரும் சொல்லிக்கொடுத்தபடியே வந்தார்கள். படிக்குப் போகவில்லை. ரிஸ்லா இருமினாள். அப்ரா தட்டினாள். "நாங்க வந்துட்டோம் மாமா" என்றாள். பிறகும் சொன்னாள்.

தெருவிலிருந்து சண்முகவடிவின் குரல் கேட்டது. "மொதலாளி, மேல கதவத் தட்டுற சத்தம் கேக்குது. தொறந்து விடுங்க. புள்ள கத்துது, தொறந்து விடுங்க." நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்தில் புகை வந்தால் முதலில் ஜன்னலைச் சாத்து என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உங்களிடம் அவள் அதை வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள்.

கதவு நல்ல கதவு. என் பக்கம் பெயின்ட்கூடப் பொரியவில்லை.

பக்கீர் தொப்பியோடு ஓடிவந்து தெருவில் விழுந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நான் இறங்கிப் போய் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அல்லாஹ்ட எழுத்து தம்பி" என்றேன். அப்போதுதான் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

இனி அந்தப் பூட்டு. என் அலுமாரியில் எடுத்தீர்கள். பழைய நடுக்கதவில் கிடந்தது அது. என் பக்கத்தில். றுக்கையா நேரம் காலம் இல்லாமல் அங்கே போய்ப் பேசுவாள். எனக்குச் சரக்கு என்ன விலைக்கு வருகிறது என்பதுவரை பக்கீர் வீட்டுக்குப் போய்விட்டது. அதனால் வெளியூர் போகும் நாட்களில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டுப் போவேன். சாம்பலில் கிடந்ததை நானே பொறுக்கினேன். பூட்டியபடியே இருந்தது.

அன்று சாவி என் சட்டைப் பையில், ஹட்டனில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று தெரிந்தும், ஒரு கோடரிகூட வாங்கி வைக்காத மனிதனை என்னவென்று சொல்வது? என் கடை வாசலில்தான் வரிசையாகத் தொங்கின. ஒருநாள்கூட அவன் விலை கேட்டதில்லை.