ஏழுமுள் நண்டின் பெயர்

இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கும் பூதப்பாண்டிப் பெருநிலக்கிழார் திரு. கோலப்பன் அவர்களே, குளச்சலிலிருந்து இதற்கென்றே வண்டி கட்டி வந்திருக்கும் வணிகர் பெருமகனார் சேக் முகம்மது அவர்களே, கோட்டாற்று வாசகசாலையைத் தோளில் சுமக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருந்தாலும் எங்கள் முன்வரிசை முழுவதையும் பெற்றெடுத்த தாய்மார்களே, வகுப்பில் என்னைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் என் மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த ஞானையனின் பணிவான வணக்கம்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, தை மாதத்து இம்மாலையில் ஏன் கூடியிருக்கிறீர்கள்? இராஜாக்கமங்கலத்துக் கடலில் கிடைத்த ஒரு நண்டுக்குக் கல்கத்தாவின் நிபுணர் ஒருவர் என் பெயரைச் சூட்டிவிட்டார். அதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தக் கூடியிருக்கிறீர்கள். தலைவர் அதைக் கையிலும் எடுத்துவிட்டார். ஐயா, சற்றுப் பொறுங்கள். நான் பேசி முடித்த பிறகு அதை யாருக்குப் போர்த்துவது என்று இந்த அவையே சொல்லட்டும்.

உயிர்களுக்குப் பெயர் இடுவது எப்படி? நம் நாட்டில் வீட்டுப்பெயர் முன்னே நிற்கும். ஆளின் பெயர் பின்னே வரும். அறிவியலிலும் அப்படியே. இனத்தின் பெயர் முதலில், அந்த ஒன்றின் பெயர் அடுத்து. நாம் விதைத்து, நாம் அறுத்து, நாம் உண்ணும் நெல்லுக்கு ஓரைசா சட்டைவா என்று பெயர். ஜப்பானியன் அதை என்ன சொல்லி அழைக்கிறானோ எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இரண்டு சொற்களை எழுதிக் காட்டினால், அவன் நாட்டுப் பண்டிதனுக்கும் நம் நாட்டுப் பண்டிதனுக்கும் ஒரே கதிர்தான் கண்முன் வரும். என்ன, முன்வரிசையில் சிரிப்பு? நெல்லுக்கு இவ்வளவு நீளப் பெயரா என்கிறீர்களா? நீளம்தான். ஆனால் குழப்பம் இல்லை. ஒரே மீனுக்குக் குளச்சலில் ஒரு பெயர், தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பெயர். பெயர் மாறினால் பொருள் மாறும், பொருள் மாறினால் அறிவு தடுமாறும்.

புதிதாக ஒன்றைக் கண்டால், அது மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று எண்ணி, அளந்து, எழுதி, அச்சிட வேண்டும். அந்த உயிரையே சாட்சியாகக் காட்சிசாலையில் வைக்க வேண்டும். அச்சேறிய முதல் பெயர் நிலைத்த பெயர். நன்றாயில்லை என்றோ, நியாயமில்லை என்றோ பிறகு மாற்ற முடியாது. அந்த விதி இன்று என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

எங்கள் பள்ளிக்கு அறுத்துப் பார்க்கும் பாடத்துக்காக நண்டு கொண்டு தருகிறவர் இராஜாக்கமங்கலம் துறையைச் சேர்ந்த வியாகுலம்மாள். கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையில் மீன் போக மிஞ்சுவதை அவர்தாம் பிரித்தெடுப்பார். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சாரே, இது வேற சாதி நண்டாக்கும்" என்றார். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒரே நண்டுதான், வச்சிட்டுப் போ" என்றேன். ஆம் பெரியோர்களே, வயதில் என் தமக்கையாகக் கூடியவரை நான் அப்படித்தான் பேசிவந்தேன்.

அடுத்த ஆண்டும் கொண்டுவந்தார். "மத்ததுக்கு ஓட்டு ஓரத்துல ஒம்பது முள்ளு. இதுக்கு ஏழுதான்." முள் ஒடிந்திருக்கும் என்றேன். மூன்றாம் ஆண்டும் வந்தார். "இருவது நண்டு எண்ணிப் பாத்தாச்சு சாரே. எல்லாத்துக்கும் ஏழு. மத்தது மழைக்கு முந்தி சினை வைக்கும். இது மழை விட்ட பொறவுதான் வைக்கும். நீங்க ஒருக்கா எண்ணிப் பாருங்க." அன்றுதான் எண்ணினேன். ஏழு.

எண்ணியவர் அவர், ஒப்பிட்டவர் அவர், மூன்று ஆண்டு காத்தவர் அவர். நான் செய்தது என்ன? ஸ்பிரிட் நிறைந்த கண்ணாடிக் குப்பியில் இட்டேன். கல்கத்தாக் காட்சிசாலைக்கு அனுப்ப அதற்கொரு சீட்டு எழுதினேன். இடம், நாள், ஆழம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரிக்கு வந்தேன். கண்டறிந்தவர் யார்? பேனா நின்றது. மீன் சுமக்கும் ஒரு பெண்ணின் பெயரை எழுதினால் கல்கத்தாக்காரர் சிரிப்பாரோ என்று கூசினேன். என் பெயரை எழுதினேன். மறதியன்று பெரியோர்களே, அறிந்தே எழுதினேன். சீட்டைப் பார்த்தவர் சீட்டில் இருந்தவரைச் சிறப்பித்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை.

யாரோ சொல்கிறீர்கள், "போட்டும் சாரே, யாருக்குத் தெரியப் போவுது" என்று. அப்படித்தான் நானும் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த விழாவின் அழைப்பிதழ் என் கைக்கு வந்த பிறகு உறக்கம் போயிற்று. முந்தாநாள் துறைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அந்தப் பேரு எந்தப் பாஷையில சாரே?"

"இலத்தீன்."

"எங்க கோயில்ல சாமியாரு பூசை வைக்குத பாஷையா?"

"அதேதான்."

"எனக்க பேரு அதுல உண்டும். ஞானஸ்நானப் புஸ்தகத்துல சாமியாரு அந்தப் பாஷையிலதான் எழுதி வச்சிருக்காரு."

என் பெயருக்கு வால் ஒட்டி இலத்தீன் ஆக்க ஒரு நிபுணர் பாடுபட்டிருக்கிறார். இவர் பெயரோ பிறந்த கிழமையே அந்த மொழியில் ஏறிவிட்டது. நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

"மாத்த முடியாதா?" என்றார். முடியாது என்றேன். அவர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மன்னிக்கவில்லை. கோபத்தில் கண் கலங்கியது. "அப்போ ஆளு கூடுத சபையில வச்சுச் சொல்லணும். வலையில கெடந்தத அவ சும்மா எடுத்துத் தந்தான்னு சொல்லப்படாது. மூணு வருசம் அவ பாத்தா, எண்ணினா, அப்பவும் நான் நம்பல்லன்னு சொல்லணும்" என்றார்.

கேளுங்கள் பெரியோர்களே. அவர் பணம் கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை, பொன்னாடை கேட்கவில்லை. பார்த்தவள் நான் என்பதைச் சொல் என்றார். அறிவியல் என்பது என்ன? ஆங்கிலம் படிப்பதா? கண்ணாடிக் குப்பி வைத்திருப்பதா? ஒன்றைப் போலிருக்கும் மற்றொன்றில் வேற்றுமை காண்பது அறிவியல். கண்டதை எண்ணுவது அறிவியல். எண்ணியதை எவன் மறுத்தாலும் மறுபடி எண்ணச் சொல்வது அறிவியல். அப்படியென்றால் இராஜாக்கமங்கலத்தில் அந்நாளில் அறிவியலாளர் ஒருவர் இருந்தார். அவர் நான் அல்லேன்.

நேற்றுக் கல்கத்தாவுக்கு எழுதிவிட்டேன். நண்டின் பெயர் மாறாது, விதி அப்படி. ஆனால் சீட்டின் கடைசி வரியைத் திருத்தவும், நடந்ததை அவர்கள் வெளியீட்டில் அச்சிடவும் வேண்டியிருக்கிறேன். அவர்கள் செய்வார்களா? தெரியாது. செய்யாவிட்டால் நாங்கள் இருவர் மட்டும் அறிந்த உண்மை எங்களோடு மண்ணுக்குள் போய்விடும். ஆகவேதான் இத்தனை பேரைச் சாட்சி வைக்கிறேன்.

ஏழுமுள் நண்டைக் கண்டறிந்தவர் வியாகுலம்மாள். மூன்று ஆண்டு பார்த்தார். எண்ணினார். அப்போதும் நான் நம்பவில்லை.

தலைவர் அவர்களே, பொன்னாடையோடு எங்கே எழுந்து போகிறீர்கள்? ஓ, பின்வரிசைக்கா. போங்கள் ஐயா, தூணருகே பச்சைச் சேலை. அம்மா, எழுந்திருங்கள். நீங்கள் எழுந்தால்தான் இந்தச் சபை உங்களைப் பார்க்கும். செவிமடுத்த பெரியோர்களுக்கு நன்றி, வணக்கம். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.