தொடக்கூடாத கன்னம்

"தொடாதக்கா, கன்னம் இன்னும் செட் ஆகல."

சிவாஜிநகரில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது எனக்கு முன்சீட்டுப் பெண் சொன்னது இது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்கா, அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கக் கை நீட்டியிருந்தார். கை பாதியில் நின்றது.

"என்னடி, சிமெண்ட் பூசின சுவரா?"

"ஊசிக்கா. டாக்டரம்மா ரெண்டு கன்னத்திலயும் ஜெல் மாதிரி மருந்து போட்டாங்க. ரெண்டு வாரம் அழுத்தக்கூடாதாம்."

"அதான் டொக்கு விழுந்த கன்னம் போயி பழைய முகம் வந்துடுச்சா!"

"ஒரு வருஷத்துல கரைஞ்சிடுமாம்."

"கரைஞ்சா மறுபடி போட்டுக்கோ. அந்தம்மா கை நல்லா இருக்கணும்."

அக்கா காற்றிலேயே அவள் முகத்தை வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் அழுத்தினார். பத்தும் சடசடவென்று முறிந்தன.

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டிபி வந்து எழுந்ததுலேர்ந்து, பாக்குறவங்க எல்லாரும் என்ன வியாதின்னுதான் கேட்டாங்க. இந்த மூஞ்சிக்குக் கண்ணு படும்னு ஒருத்தருக்கும் தோணல. இன்னொரு தடவ முறிக்கா."